ஆசிரியர்களுக்கு மைக்ரோபிட் அறிமுகம்: பயிற்சியைக் கெடுக்கும் தவறுகள்

2016-இல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு பிபிசி இலவசமாக வழங்கிய, புரோகிராம் எழுதிப் பழகுவதற்கான குட்டிக் கணினி போர்டுதான் மைக்ரோபிட். 25 சிவப்பு எல்இடி, ஏ, பி என்ற இரண்டு பட்டன்கள், அசைவை உணரும் சென்சார், ரேடியோ எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பதினொரு வயதுப் பிள்ளைக்கென்று செய்த பொருளைப் பார்த்து ஆசிரியர்கள் மிரள்கிறார்கள் என்றால், அறிமுகம் செய்யும் விதத்தில்தான் கோளாறு.

பாகங்களை விளக்கும் ஸ்லைடுகளோடு தொடங்காதீர்கள். பிராசசர், பின், வோல்டேஜ் என்று அரை மணி நேரம் ஓடினால், கணக்கும் மொழியும் நடத்துபவர்கள் "இது நமக்கில்லை" என்று மனதுக்குள் எழுந்து போய்விடுவார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ஒவ்வொருவரின் பெயரும் எல்இடியில் ஓட வேண்டும். மேக்கோட் என்ற இணையப் பக்கத்தில் கட்டளை பிளாக்குகளை இழுத்துப் பொருத்தினால் போதும். போர்டு கைக்கு வருமுன்பே அங்குள்ள சிமுலேட்டரில், அதாவது திரையில் தெரியும் மாதிரி போர்டில், ஓட்டிப் பார்க்கலாம். எல்இடி தமிழ் எழுத்துகளைக் காட்டாது, பெயரை ஆங்கில எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ஆசிரியர் எங்காவது சிக்கினால், பயிற்சியாளர் மவுஸை வாங்கி இரண்டு நொடியில் சரிசெய்துவிடுகிறார். நல்லெண்ணம்தான். ஆனால் நாளை வகுப்பில் அதே சிக்கல் வரும்போது பக்கத்தில் அவர் இருக்க மாட்டார். குலுக்கினால் எண்ணும் காலடிக் கணக்கியை எடுத்துக்கொள்வோம். 'எண்ணிக்கையை பூஜ்யமாக்கு' என்ற பிளாக்கை, தொடக்கத்தில் வைக்காமல், திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள் வைத்துவிட்டால் எவ்வளவு குலுக்கினாலும் திரையில் பூஜ்யம்தான். "எந்த பிளாக் எத்தனை முறை ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்த விடையை அவரே கண்டுபிடிக்க ஆகும் ஐந்து நிமிடம்தான் பயிற்சியின் சாரம். நானாக இருந்தால் வேண்டுமென்றே பிழையுள்ள புரோகிராம்களையும் கொடுப்பேன்.

அப்புறம் கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் யூஎஸ்பி கேபிளாக இருந்தால் போர்டில் விளக்கு எரியும், ஆனால் கணினியில் மைக்ரோபிட் ஒரு டிரைவாகத் தெரியாது. போர்டு பழுது என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். எல்லா கேபிளையும் முந்தைய நாளே சோதியுங்கள்.

ரேடியோ பயிற்சியில் எல்லா மேசைக்கும் ஒரே குரூப் எண்ணைக் கொடுத்தால் ஒருவர் அனுப்பும் செய்தி எல்லாருடைய போர்டிலும் வரும். 0 முதல் 255 வரை எண்கள் இருக்கின்றன, மேசைக்கு ஒன்று கொடுங்கள். வெப்பநிலை சென்சார் அறையின் சூட்டை அளக்கும் என்றும் சொல்லிவிடாதீர்கள். அது அளப்பது சிப்பின் சூட்டை. அறிவியல் ஆசிரியர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் எண் கூடுதலாக இருக்கும். ஏன் என்று முன்பே சொன்னால் அதுவே நல்ல பாடமாகிவிடும்.

வயரிங்கை முதல் நாளே கொண்டுவர வேண்டாம். மின்சாரம் தரும் 3வி பின்னையும் கிரவுண்டான ஜிஎன்டி பின்னையும் நேராக இணைத்தால் போர்டு கெடலாம்; மோட்டாரை நேரடியாகப் பின்னில் மாட்டவும் கூடாது.

பயிற்சி முடிந்ததும் போர்டுகளை எண்ணி அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஆளுக்கொன்றும் ஒரு பேட்டரி பெட்டியும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.