அபிமான அணியை நேரில் பார்க்கப் போகிறீர்களா? விமான டிக்கெட்டை முதலில் வாங்காதீர்கள்

வன்னியில் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு இங்கிலாந்தின் சனிக்கிழமைப் பிற்பகல் என்பது இரவுச் சாப்பாட்டு நேரம். அங்கே 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 8.30க்கு வரும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அந்த நேரம் ஒரு போனைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். மன்னார் பள்ளிமுனைப் பக்கம் பந்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு லிவர்பூலின் பின்வரிசை ஊர்க் கழகத்தின் பின்வரிசையைப் போலவே மனப்பாடம். இப்படிப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலர் இப்போது உழைத்துச் சேர்த்தோ, லண்டனில் இருக்கும் சித்தப்பா கூப்பிட்டோ, "ஒருக்கா நேரில பாத்திட்டு வருவம்" என்று வெளிக்கிடுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் பலர் ஆட்டம் பார்க்காமலே திரும்புகிறார்கள், அல்லது கட்டுநாயக்கவைக்கூடத் தாண்டுவதில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வேலைகளைத் தலைகீழான வரிசையில் செய்கிறார்கள். மலிவாக வந்தது என்று விமான டிக்கெட்டை முதலில் வாங்கி, அப்புறம் விசா, கடைசியாக ஆட்டத்துக்கு டிக்கெட் தேடுகிறார்கள்.

அட்டவணையில் இருக்கும் திகதி மாறும்

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். ஒரு பருவத்துக்கான (ஓகஸ்ட் முதல் மே வரை) அட்டவணை வழக்கமாக யூன் மாதம் வெளிவரும். அதில் பெரும்பாலான வார இறுதி ஆட்டங்கள் சனிக்கிழமை 3 மணி என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் விமானம் எடுக்கிறார்கள். ஆனால் அது தற்காலிகமான திகதி. தொலைக்காட்சி நிறுவனங்கள் பிறகு தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைத் தெரிவு செய்து வெள்ளி இரவுக்கோ ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ மாற்றும். இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை அந்த நாட்டுக்குள் நேரடியாக ஒளிபரப்புவதில்லை. ஆகவே பெரிய அணிகளின் ஆட்டங்கள்தான் முதலில் இடம்பெயரும். நீங்கள் பார்க்கப் போவதும் அந்தப் பெரிய அணியைத்தான்.

இதோடு முடியவில்லை. உங்கள் அணி எஃப்.ஏ. கிண்ணம் என்ற தனிப் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினால், அதே வார இறுதியில் இருக்கும் லீக் ஆட்டம் வேறொரு நாளுக்குப் போகும். வியாழன் இரவு ஐரோப்பியப் போட்டி விளையாடினால், அடுத்த லீக் ஆட்டம் ஞாயிறுக்குத் தள்ளும். ஸ்பெயினில் நிலைமை இன்னும் இறுக்கம்: எந்த வார இறுதி என்று மட்டும் முன்கூட்டியே தெரியும், நாளும் நேரமும் சில வாரங்களுக்கு முன்னர்தான் உறுதியாகும்.

அதனால் ஒரே ஒரு ஆட்டத்தைக் குறிவைத்து மூன்று நாள் பயணம் போடுவதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. உங்கள் அணி சொந்த மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள் விளையாடும் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியைத் தேடுங்கள். ஒன்று தள்ளிப் போனாலும் மற்றது கையில் இருக்கும். செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நிற்கும் நாட்கள் உண்டு. அந்த வாரத்தில் போய் இறங்கினால் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கலாம், ஆட்டம் இராது. உங்களுக்குப் பிடித்த வீரர் ஆபிரிக்க நாட்டவர் என்றால் ஆபிரிக்கக் கிண்ணத்தையும் பாருங்கள். 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை அது மொரோக்கோவில் நடந்தது. அந்த நாட்களில் எகிப்து வீரர் சாலாவைப் பார்க்க லிவர்பூலின் அன்ஃபீல்ட் மைதானத்துக்குப் போனவர் அவரைக் கண்டிருக்க முடியாது.

மைதானத்தின் பெயரையும் சரிபாருங்கள். பார்சிலோனா 2023 முதல் இரண்டு பருவங்களுக்கு மேல் காம்ப் நோவில் விளையாடவில்லை; திருத்த வேலை காரணமாக மொன்ஜுயிக் ஒலிம்பிக் மைதானத்தில் விளையாடியது. எவர்ட்டன் ஆண்கள் அணி 2025இல் குடிசன் பார்க்கை விட்டுப் புது மைதானத்துக்குப் போய்விட்டது. பழைய பதிவுகளை நம்பித் தங்குமிடம் எடுத்தால் நகரத்தின் வேறொரு பக்கத்தில் இருப்பீர்கள்.

டிக்கெட் யாரிடம் வாங்குவது?

பெரிய கழகங்கள் பொதுமக்களுக்கு நேரடியாக டிக்கெட் விற்பது அபூர்வம். முதலில் கழகத்தின் உறுப்புரிமையைக் கட்டணம் செலுத்தி எடுக்க வேண்டும், பிறகு அறிவிக்கப்பட்ட நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அப்புறம் குலுக்கலிலோ இணைய வரிசையிலோ கிடைத்தால் வாங்கலாம். உறுப்புரிமை எடுத்தாலே டிக்கெட் உறுதி என்று இல்லை. அன்ஃபீல்டில் ஏறக்குறைய 61,000 பேர் இருக்கலாம், செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் ஏறக்குறைய 40,000 பேர்தான். பருவ டிக்கெட் (பருவம் முழுவதற்குமான டிக்கெட்) வைத்திருப்பவர்கள் போக மிஞ்சுவது கொஞ்சம். ஆகவே யூன், யூலையிலேயே உறுப்புரிமையை எடுத்துவிடுங்கள். முதல் விற்பனையில் தவறினால் கழகமே நடத்தும் மீள்விற்பனைப் பக்கத்தைத் தொடர்ந்து பாருங்கள். வர முடியாத பருவ டிக்கெட்காரர் விடும் இருக்கைகள் ஆட்டத்துக்கு முந்திய நாட்களில் அங்கேதான் வரும். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் வாய்ப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

முகநூலில் "டிக்கெட் இருக்கு அண்ணை" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் உதைபந்தாட்ட டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். வெளிநாட்டில் இருந்து இயங்கும் இணையத்தளங்கள் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. கழகம் கண்டுபிடித்தால் அந்த டிக்கெட்டைச் செல்லாததாக்கும், வாயிலில் நிற்பது நீங்கள்தான். காசு கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்குச் சாப்பாட்டோடு சேர்ந்த விருந்தோம்பல் டிக்கெட்டைக் கழகமே விற்கிறது. விலை கூட, ஆனால் நேர்மையான வழி.

இன்னொரு தவறை லண்டன் உறவினர்களும் சேர்ந்து செய்கிறார்கள். தம்பி லிவர்பூல் ரசிகன். லிவர்பூலுக்குப் போவது தூரம். அதனால் லிவர்பூல் லண்டனுக்கு வந்து ஆர்சனலோடோ ஃபுல்ஹமோடோ விளையாடும் ஆட்டத்துக்கு மாமா டிக்கெட் எடுத்து விடுகிறார். அந்த இருக்கை சொந்த ரசிகர்கள் பகுதியில் இருக்கும். அங்கே லிவர்பூல் சட்டையோடு போனாலோ, கோல் விழுந்ததும் எழும்பிக் கத்தினாலோ வெளியே அனுப்புவார்கள். வெளியூர் ரசிகர் பகுதிக்கான டிக்கெட் பல வருடம் தொடர்ந்து ஆட்டங்களுக்குப் போனவர்களுக்கே கிடைக்கும். மனம் திறந்து கத்திப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் அணியின் சொந்த ஊருக்கே போங்கள். லண்டனில் இருந்து லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ரயிலில் இரண்டே கால் மணி நேரம் அளவில்தான். ஆனால் இரவு 8 மணி ஆட்டம் முடிந்து அன்றே லண்டன் திரும்பலாம் என்று நம்பாதீர்கள், ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். முற்பதிவு செய்யும் மலிவு ரயில் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஆட்ட நாள் உறுதியாகும் வரை அதையும் வாங்க வேண்டாம்.

விசாவில் நடக்கும் தவறுகள்

ஆட்ட டிக்கெட் இருந்தால் விசா நிச்சயம் என்று சொல்லும் ஏஜென்டுகள் வன்னிக்குள் தாராளமாக இருக்கிறார்கள். அது பொய். விசா அதிகாரி பார்ப்பது இரண்டு விடயங்களை: செலவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, பயணம் முடிந்து நீங்கள் ஊர் திரும்புவீர்களா. கலியாணமாகாத இளம் பெடியன், நிரந்தர வேலை இல்லை, கணக்கில் போன கிழமை திடீரென விழுந்த பெருந்தொகை என்றால் கேள்வி வரத்தான் செய்யும். அந்தத் தொகை அம்மாவின் நகையை அடகு வைத்த காசாகக்கூட இருக்கலாம். அது அதிகாரிக்குத் தெரியாது.

எங்கள் பகுதி வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டி விற்கும்போது ஒரேயடியாக வரும். அதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் விளக்க வேண்டும். நெல் விற்ற பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தில் காணி பதிந்த விபரம், காணி அனுமதிப்பத்திரம், முந்திய போகங்களிலும் அதே கணக்குக்குக் காசு வந்ததைக் காட்டும் வங்கிக் கூற்று ஆகியவற்றைச் சேருங்கள். கடற்றொழில் செய்பவர் படகுப் பதிவைச் சேர்க்கலாம். ஆசிரியர்கள், அரச ஊழியர்கள் வெளிநாட்டு விடுமுறை அனுமதியை நேரத்தோடு எடுக்க வேண்டும். அது ஒரு கிழமையில் வருகிற காரியமில்லை. தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். உறவினர் செலவை ஏற்கிறார் என்றால் அவருடைய சம்பள விபரமும் வதிவிட உரிமையும் தெளிவாக இருக்க வேண்டும்.

பெயர் விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2009இல் பத்திரங்களைத் தொலைத்து, பிறகு திரும்ப எடுத்தவர்கள் இங்கே ஏராளம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கியில் முதலெழுத்து மட்டும் என்று இருக்கும். கடவுச்சீட்டு எடுக்க முன்னரே இவற்றைச் சரிசெய்யுங்கள். வவுனியாவில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கழக உறுப்புரிமை, விமான டிக்கெட், விசா விண்ணப்பம் மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையே போடுங்கள்.

பிரித்தானிய விசாவுக்குப் பயணத் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னர் இருந்துதான் விண்ணப்பிக்கலாம். வழமையாக மூன்று கிழமையில் முடிவு வரும். மறுத்தால் கட்டணம் திரும்பக் கிடையாது. போலி வங்கிக் கூற்று, போலி வேலைக் கடிதம் கொடுத்துப் பிடிபட்டால் பத்து வருடத்துக்கு எந்த விண்ணப்பமும் மறுக்கப்படலாம். ஏஜென்ட் செய்தார் என்று சொல்லித் தப்ப முடியாது, கையெழுத்து உங்களுடையது. முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

பிரித்தானிய விசாவோடு ஸ்பெயினுக்கோ ஜெர்மனிக்கோ போக முடியாது. அங்கே ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்னர் கொடுத்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்புறுதியும் தேவை. இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரித்தானிய வருகை விசா பெரும்பாலும் ஆறு மாதம் செல்லும், ஆட்டம் இரண்டு நாள் தள்ளிப் போனாலும் பயமில்லை. ஷெங்கன் விசாவை நீங்கள் கேட்ட நாட்களை ஒட்டியே தருவார்கள். ஆகவே ஐரோப்பா போகிறவர்கள் ஆட்டத்துக்கு இரு பக்கமும் சில நாட்களைச் சேர்த்துக் கேளுங்கள். விசா வந்த பிறகுதான் விமானம். அதுவும் திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருந்தால் நல்லது.

போனும் வங்கி அட்டையும்

இப்போது டிக்கெட் காகிதத்தில் வருவது குறைவு. போனில் இறக்கி, வாயிலில் உள்ள கருவியில் தொட்டு உள்ளே போவதுதான் பல கழகங்களில் முறை. அந்தத் தொடு வசதி (NFC) மலிவான பல போன்களில் இல்லை. புறப்பட முன்னரே பாருங்கள். பொருந்தாவிட்டால் கழகத்துக்கு எழுதி வேறு வழி கேளுங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். அங்கே போய்க் காசு கட்டும்போது இரகசிய இலக்கம் உங்கள் இலங்கை சிம்முக்குத்தான் வரும்; ரோமிங் போடாமல் போனால் கணக்கில் காசு இருந்தும் கட்ட முடியாது.

பைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. பல மைதானங்களில் ஏ4 தாள் அளவுக்கு மேல் விடமாட்டார்கள், பயணப் பையோடு நேரே போகாதீர்கள். சந்தோசத்தில் மைதானத்துக்குள் ஓடினால் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஜனவரியில் 4 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். கிளிநொச்சி வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு மார்கழிப் பனிக்குப் போடும் சுவெற்றர் போதாது, கையுறையும் தடித்த காலுறையும் வேண்டும்.

எந்த மாதம் போவது என்று கேட்டால் நான் ஏப்ரலைச் சொல்வேன். நெல் விற்ற காசு கணக்கில் இருக்கும், குளிரும் குறைந்திருக்கும். பருவத்தின் கடைசி நாளில் எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குவதால் அந்தத் திகதி ஏறத்தாழ அசையாது. ஆனால் அன்றுதான் டிக்கெட் மிகவும் கஷ்டம். முதல் முறை போகிறவர்கள் புள்ளிப்பட்டியலில் நடுவரிசையில் இருக்கும் அணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு முயலுங்கள். ஜெர்மனியில் உறவினர் இருந்தால் டோர்ட்முண்ட் கழகத்தையும் யோசிக்கலாம்: 81,000 பேர் கொள்ளும் மைதானம், நின்று பார்க்கும் டிக்கெட் இங்கிலாந்தை விட நல்ல மலிவு. ஆர்சனல் ரசிகருக்கு ஆண்கள் ஆட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், ஆர்சனல் பெண்கள் அணியும் அதே எமிரேட்ஸ் மைதானத்தில் விளையாடுகிறது. அந்த டிக்கெட்டின் விலையும் குறைவு, கிடைப்பதும் சுலபம்.