இந்தோனேசிய விங்கரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி

விங்கர் என்றால் கால்பந்தில் மைதானத்தின் ஓரமாக ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர். அவரைத் தொடும் முன் ஒரு தாளில் அந்நாட்டு லீக்கின் காலவரிசையைப் போடுங்கள். 1994இல் அமெச்சூர் போட்டியான பெர்செரிகாத்தானும் அரைத் தொழில்முறை லீக்கான கலாத்தாமாவும் இணைந்து லிகா இந்தோனேசியா ஆனது. 2008இல் முதல்நிலை லீக்கின் பெயர் சூப்பர் லீக், 2017இல் லிகா 1. இடையில் 2015 சீசன் பாதியில் நின்றது. அந்த ஆண்டு மே மாதம் ஃபிஃபா விதித்த தடை மறு ஆண்டு மே வரை நீடித்தது. 2016இல் நடந்த சாக்கர் சாம்பியன்ஷிப் அதிகாரப்பூர்வ லீக் அல்ல, அதன் கோல்களைத் தனி வரிசையில் போடுங்கள். 2020 சீசன் மூன்று சுற்றுகளோடு முடங்கியது. இந்த வெற்றிடங்களைக் காயம் என்றோ ஃபார்ம் போனது என்றோ எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

மிகவும் சிக்கலான காலம் 2011 முதல் 2013 வரை. சூப்பர் லீக், பிரீமியர் லீக் என இரண்டு லீக்குகள் போட்டி போட்டு நடந்தன. சூப்பர் லீக் ஆட்டக்காரர்களைத் தேசிய அணிக்குப் பெரும்பாலும் எடுக்கவில்லை. 2012 பிப்ரவரி 29 அன்று பஹ்ரைனிடம் 10–0 எனத் தோற்றது அப்படிப்பட்ட அணிதான். ஆகவே 2012இல் ஒருவர் அணியில் இல்லையென்றால், முதலில் அவர் எந்த லீக்கில் ஆடினார் என்று பாருங்கள். பிரீமியர் லீக்கில் பெர்செபாயா 1927 கிளப்புக்கு ஆடிய விங்கர் அண்டிக் வெர்மன்ஷாவுக்கு இடம் கிடைத்தது. அந்த ஆண்டு தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான ஏ.எஃப்.எஃப். கோப்பையில் சிங்கப்பூருக்கு எதிரான ஒரே கோலும் அவருடையதே.

பெயரில் கவனம் தேவை. பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. விங்கர் எகி மௌலானா விக்ரியை அடுத்த வரியில் 'எகி' என்றே எழுதுங்கள். ஆனால் இன்னொரு விங்கரான ரிகோ சிமஞ்சுந்தாக்கின் பின்பாதி, வட சுமத்ராவின் பத்தாக் இனத்தாரின் குலப்பெயர். வெர்மன்ஷா, வெர்மன்சா என எழுத்தும் மாறும். தேடும்போது இரண்டையும் போடுங்கள்.

தேசிய அணிக் கணக்கில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளான சீ கேம்ஸைச் சேர்க்காதீர்கள். 2001 முதல் அதன் கால்பந்து வயது வரம்புள்ள போட்டி. 2023இல் அங்கே விங்கர் வித்தான் சுலைமான் வென்ற தங்கமும் இளையோர் அணிக்கானது. 2013இல் ஜகார்த்தாவில் அர்செனல் 7–0 என வென்ற ஆட்டம் போல கிளப்புகளுடன் ஆடியவையும் கணக்கில் வராது.

வெளிநாட்டுக் கிளப் என்றால் முதல் அணி ஆட்டங்களையும் ரிசர்வ் அணி ஆட்டங்களையும் பிரித்துப் போடுங்கள். 2018இல் போலந்தின் லெஹியா க்தான்ஸ்குக்குப் போன எகிக்கு முதல் அணியில் வாய்ப்பு குறைவு. கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து விங்கரை அளக்க முடியாது. எந்தப் பக்கம், எந்தக் கால் என்பதையும் எழுதுங்கள்: எகி இடது காலர், வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வருபவர்.