கார் அப்பப்ப நின்னுடுது, மெக்கானிக் "இதுவா இருக்கலாம்"ங்குறார்: இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

சிக்னல்ல ஆஃப் ஆகும், இல்ல 60ல போயிட்டு இருக்கும்போதே பொசுக்குனு நின்னுடும், ஆனா பட்டறைக்கு கொண்டு போனா மட்டும் சமத்தா ஓடும். மெக்கானிக் பானெட்ட தொறந்து பாத்துட்டு "ஃபியூயல் பம்ப்பா இருக்கலாம், இல்லன்னா சென்சார், எதுக்கும் மாத்தி பாத்துடலாமா"ன்னு கேப்பார். நெறைய பேரு காசு விடுறது இந்த எடத்துலதான்.

மொதல்ல, "சரியா சொல்ல முடியல சார்"னு சொன்ன ஒரே காரணத்துக்காக அவர மட்டமா நெனைக்காதீங்க. விட்டு விட்டு வர்ற கோளாறு அவர் கண்ணு முன்னாடி வரலன்னா யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. அளந்து பாக்குற ஒரு கேஜ் கூட மாட்டாம "பம்ப்தான், கன்ஃபார்ம்"னு சொல்றாரு பாருங்க, அவர்கிட்டதான் உஷாரா இருக்கணும்.

அடுத்தது அந்த "மாத்தி பாத்துடலாம்"க்கு தலையாட்டுறது. இதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு. எலக்ட்ரிக்கல் ஸ்பேர ஒரு தடவை மாட்டிட்டா கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், பம்ப் மாத்தியும் வண்டி நின்னா அந்த காசு போச்சு. அதனால சண்டை போடாம ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அண்ணே, எத வச்சு பம்ப்னு சொல்றீங்க?" பம்ப்னா ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டி பாக்கலாம், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் பீய்ச்சுற) வண்டி நெறையதுல பிரஷர் 3லேர்ந்து 4 பார் வரைக்கும் நிக்கணும் (உங்க மாடலுக்கு எவ்ளோங்கறது சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்), வண்டி தடுமாறுற நேரத்துல அது எறங்குதான்னு பாக்கணும். சாவி ஆன் பண்ணதும் பின் சீட் பக்கம் ரெண்டு செகண்ட் "ஊ"ன்னு மோட்டார் சத்தம் வருதான்னு நீங்களே கேக்கலாம். கிராங்க் சென்சார்னா (இஞ்சின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது) அதோட குணமே வேற, இஞ்சின் நல்லா சூடானப்புறம் நிக்கும், அரை மணி நேரம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், செல்ஃப் அடிக்கும்போது நெறைய வண்டில ஆர்பிஎம் முள்ளு ஆடாம பூஜ்யத்துலயே கெடக்கும். காயில்னு (பிளக்குக்கு கரண்ட் குடுக்குறது) சந்தேகம்னா, சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்குற வண்டில ஒரு சிலிண்டர் காயில எடுத்து பக்கத்து சிலிண்டருக்கு மாட்டினா போதும், மிஸ்ஸிங்கும் (சிலிண்டர் சரியா எரியாம தடுமாறுறது) கூடவே எடம் மாறுதான்னு தெரிஞ்சுடும், அதுக்கு பைசா செலவு இல்ல.

இதெல்லாம் பாக்குறதுக்கு நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு லேபர் குடுக்க நம்மாளுங்களுக்கு மனசே வராது. "சும்மா பாத்ததுக்கு எதுக்கு காசு"ன்னு கேட்டுட்டு, வேண்டாத பார்ட்டுக்கு ஆயிரக்கணக்குல குடுத்துட்டு வருவோம். "டெஸ்ட் பண்றதுக்கு தனியா குடுத்துடுறேன், ரெண்டு நாள் வண்டிய வச்சு ஸ்கேனர மாட்டிக்கிட்டே ஓட்டி பாருங்க"ன்னு மெக்கானிக்கிட்ட சொல்லி பாருங்க, அவர் பேசுற விதமே மாறும். கிலோமீட்டர மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க.

ஸ்கேனர்ல வந்த கோட (வண்டி கம்ப்யூட்டர் காட்டுற கோளாறு நம்பர) அப்படியே தீர்ப்பா எடுத்துக்குறதும் தப்புதான். பி0335ன்னு வந்தா கிராங்க் சென்சார் சர்க்யூட்ல கோளாறுன்னுதான் அர்த்தம், சென்சார் நல்லா இருந்து அதுக்கு போற வயர எலி கடிச்சிருக்கலாம், கனெக்டர்ல பச்சை பூத்திருக்கலாம். பேட்டரி டெர்மினல், எர்த் வயர் லூஸ்னாலும் வண்டி நிக்கும், அத ஸ்பேனர் போட்டு இறுக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா? இன்னொண்ணு, பட்டறைக்கு போறதுக்கு முன்னாடி வீட்லயே பேட்டரிய கழட்டி மாட்டி மீட்டர்ல எரியுற செக் இஞ்சின் லைட்ட அணைச்சுட்டு போகாதீங்க. கோட் விழுந்த நேரத்துல ஸ்பீடு எவ்ளோ, சூடு எவ்ளோன்னு கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருக்கும், அதுவும் சேந்து அழிஞ்சுடும்.

"வண்டி ஆஃப் ஆகுது சார்"னு மட்டும் சொன்னா அவர் என்னதான் பண்ணுவார்? காலைல குளிர் இஞ்சின்லயா, சூடானப்புறமா, ஏசி போட்டப்பவா, பிரேக் புடிச்சு நிக்கும்போதா, டேங்க் ரிசர்வ்ல இருந்துச்சா, மழை பெஞ்சுதா, ஒடனே ஸ்டார்ட் ஆச்சா இல்ல காத்திருக்கணுமா, இத போன்ல குறிச்சு வைங்க, முடிஞ்சா பக்கத்துல இருக்குறவங்கள மீட்டர வீடியோ எடுக்க சொல்லுங்க. ஏசி போட்டு சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஆஃப் ஆகுதுன்னா த்ராட்டில் பாடில (இஞ்சினுக்கு காத்து போற வழி) கார்பன் அடைச்சிருக்கான்னுதான் அனுபவம் உள்ளவர் மொதல்ல பாப்பார். சில வண்டில கிளீன் பண்ணப்புறம் ஐடில் ஸ்பீட (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதப்ப ஓடுற வேகம்) ஸ்கேனர்ல மறுபடி செட் பண்ணணும், அத விட்டுட்டா சரி பண்ணது மாதிரியே இருக்காது.

ஒரே நாள்ல பிளக், காயில், ஃபில்டர் எல்லாத்தையும் மாத்தாதீங்க, எதனால சரியாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. மாத்துன பழச கையில வாங்கிக்கோங்க. வேற மெக்கானிக்கிட்ட போனா முன்னாடி என்னென்ன மாத்தினீங்கன்னு மறைக்காம சொல்லிடுங்க, சில பேரு "அவர் என்ன சொல்றார்னு பாப்போம்"னு வாயத் தொறக்க மாட்டாங்க, கடைசில ரெண்டு லேபரும் இவங்கதான் குடுக்கணும். அப்புறம் இந்த ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இப்ப எதுக்கெடுத்தாலும் பெட்ரோல் மேல பழி போடுறது ஃபேஷன் ஆயிடுச்சு, தண்ணி கலந்திருந்தா வண்டி நிக்கும்தான், ஆனா வேற வேற பங்க்ல போட்டு ஓட்டியும் அதே மாதிரி நின்னா பெட்ரோல விட்டுட்டு வேற எடத்துல தேடுங்க.

கோளாறு புடிபடுற வரைக்கும் பைபாஸ், மலைப் பாதை வேணாம். ஓடும்போதே நின்னுட்டா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், ஆனா திரும்பும். பிரேக்க லேசாக்குற பூஸ்டர்ல ஒண்ணு ரெண்டு அழுத்தத்துக்குத்தான் பலம் மிச்சம் இருக்கும், அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்துங்க. வண்டி உருண்டுட்டு இருக்கும்போது சாவிய லாக் வரைக்கும் திருப்பிடாதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும். ஹசார்ட் போட்டு எடது ஓரம் ஒதுங்கி, தேசிய நெடுஞ்சாலைன்னா 1033 ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க. ஆள் வர்ற வரைக்கும் பத்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை செல்ஃப் அடிச்சு, ஆர்பிஎம் முள்ளு ஆடுதா, எத்தன நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சுன்னு குறிச்சு வைங்க, மெக்கானிக் அததான் மொதல்ல கேப்பார்.