ஆபீஸில் கிராக் சாஃப்ட்வேர்: புகார் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அடிக்கடி யாராவது ஒரு பையன் போன் செய்து கேட்பான்: "ஏனுங்ணா, எங்க ஆபீஸ்ல எல்லாமே கிராக்குங்க. கம்ப்ளெயிண்ட் பண்ணிரலாங்களா?"

கிராக் என்றால் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்காமல், பூட்டை உடைத்துப் போட்ட திருட்டு சாஃப்ட்வேர். கம்ப்ளெயிண்ட் பண்ணலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இதைத் திருட்டாகவே நினைக்காததுதான் முதல் தவறு. "அவன் சாமான் அவன்கிட்டயேதான இருக்குது, நாம எதைத் தூக்கிட்டு வந்தோம்?" என்று ஒரு பம்ப்செட் முதலாளி என்னிடம் கேட்டார். அவருடைய மோட்டார் பாடியை அப்படியே வார்த்து, பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி விற்றார்கள் என்று கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர். அன்றைக்கும் அவருடைய பேட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி, அவரிடமேதான் இருந்தது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. உழைத்து உருவாக்கியதை இன்னொருவன் நகலெடுத்து விற்றால் எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, "முதலாளி சொன்னார், நான் போட்டேன்" என்று நினைத்துக்கொள்வது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் எவரையும் பிடிக்கிறது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் விட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பட்டறையில் ஓடுவதெல்லாம் தொழில்தான். அதனால் கிராக்கை உங்கள் கையால் போடாதீர்கள். காலேஜில் இலவசமாக வாங்கிய மாணவர் லைசென்ஸைக் கொண்டுவந்து கம்பெனி டிராயிங் போடுவதும் தப்புத்தான்.

ஆபத்து சட்டத்தில் மட்டும் இல்லை. கிராக்கோடு வரும் குறிப்பின் முதல் வரியே பெரும்பாலும் 'ஆன்டிவைரஸை அணைத்துவிடு' என்றுதான் இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்படி அணைத்தார்கள். 19-ம் தேதி காலையில் போனேன். மறுநாள் ஜி.எஸ்.டி. 3பி என்கிற மாத வரிக்கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். கிராக்கோடு வந்த வைரஸ் ஃபைலையெல்லாம் பூட்டிவிட்டது. எல்லா ஃபைலின் பெயருக்கும் பின்னால் புரியாத நாலெழுத்து ஒட்டியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. பேக்கப் எடுத்த பென் டிரைவ் அதே மிஷினில் சொருகியபடியே இருந்தது. அதுவும் போச்சு. கணக்குப் பார்க்கும் அக்கா பழைய பில் புக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, புகாருக்கு வருவோம். முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே புகாருக்குப் போவதை நான் பெரிய தவறாக நினைக்கிறேன். நம் பக்கம் நிறைய பேருக்கு, கம்ப்யூட்டர் வாங்கினால் எல்லாம் உள்ளேயே வரும் என்றுதான் நினைப்பு. ஒரு பட்டறையில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: மொத்தம் 6 கம்ப்யூட்டர். நாலில் கடிதமும் கொட்டேஷனும் மட்டும், அதற்கு இலவச லிப்ரே ஆபீஸ் போதும். டிராயிங் இருப்பது இரண்டில். வரைபவர் ஒருவர்தான், இன்னொருவர் திறந்து பார்ப்பவர், அவருக்கு இலவச வியூவர் போதும். ஆக, காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒரே ஒரு டிராயிங் லைசென்ஸ். "இவ்வளவுதானுங்களா?" என்றார் அவர்.

"பாக்கிச் சம்பளத்தைக் கொடுங்க, இல்லாட்டி கம்ப்ளெயிண்ட் பண்ணிருவேன்" என்று மட்டும் எப்போதும் சொல்லிவிடாதீர்கள். அது மிரட்டலாகிவிடும், கேஸ் உங்கள் மேலேயே திரும்பலாம். சம்பளத் தகராறைத் தனியாகப் பாருங்கள். ஆதாரம் என்று வாடிக்கையாளர் டிராயிங்கைப் பென் டிரைவில் ஏற்றி வெளியே கொண்டுபோவதும் வேண்டாம். பெயர் வெளியே வராது என்று நம்பியும் இறங்காதீர்கள். ஆறு பேர் ஆபீஸில் சொன்னது யார் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். முறைகேட்டை வெளியே சொல்பவர்களுக்காக 2014-ல் நிறைவேற்றிய சட்டமும் அரசு ஊழியர்கள் மீதான புகாருக்கானது, தனியார் பட்டறைக்குப் பொருந்தாது.

ஆனால் யோசிக்காமல் புகார் கொடுக்க வேண்டிய ஆளும் உண்டு. திருட்டு நகலை ஒரிஜினல் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் பில் போட்டு விற்பவர். அங்கே ஏமாந்தவர்கள் காசு கொடுத்தவர்கள். பில்லை வைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் கம்பெனிக்கே எழுதலாம், போலீஸிலும் சொல்லலாம். அதேபோல, எழுதிக் கொடுத்தும் கேட்காமல், "நீயே கிராக் போடு" என்று மறுபடி மறுபடி நெருக்கும் முதலாளி என்றால், மறுத்ததை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ பதிந்து வையுங்கள், வேறு வேலை பாருங்கள், அப்புறம் புகார் கொடுங்கள். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் தோன்றவில்லை.

கடைசியாகப் போன் செய்த பையனிடம் அந்தத் தாளைத்தான் எழுதச் சொன்னேன். எழுதி நீட்டிவிட்டான். முதலாளி வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறாராம்.