பாடம் முடிந்ததும் ஓடவிடுங்கள்

என் லாப்ரடார் நாய் 'இரு' என்ற ஒரு சொல்லுக்கே மூன்று வாரம் திணறியது. பாடத்துக்கு முன்னால் ஓடவிட்டுக் களைக்கவைத்தது என் தவறு. இப்போது வரிசையை மாற்றிவிட்டேன்.

முதலில் பத்து நிமிடம் பாடம், ஒரே கட்டளை. சரியாகச் செய்தவுடன் தீனி. அந்த வெற்றியோடு நிறுத்திவிடுங்கள். அப்புறம் தாமதிக்காமல் அரை மணி நேரம் நடை, பந்து விளையாட்டு. நடுவில் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

2017இல் வெளியான ஆய்வொன்றில் 16 லாப்ரடார்களைச் சோதித்தார்கள். பாடம் முடிந்ததும் விளையாடியவை, ஓய்வெடுத்தவற்றைவிடக் குறைந்த முயற்சிகளில் மறுநாள் அதே பாடத்தைச் செய்தன. ஓராண்டு கழித்தும் பலன் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு!

வெயிலில் மட்டும் ஓடவிடாதீர்கள். அதிகமாக மூச்சிரைத்தால் நிழல், தண்ணீர், ஓய்வு.