மலைக்குக் கிளம்புமுன் பேட்டரியைப் பாருங்கள்

கம்பம், குமுளி வழியாகப் போய் நிலக்கல்லில் காரை விட்டுவிட்டு சபரிமலை ஏறுகிறவர்கள், திரும்பி வந்து சாவியைத் திருப்பும்போது 'டிக் டிக்' சத்தம் மட்டும் கேட்டால் பதற வேண்டாம். உள்விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும். விளக்கு பளிச்சென்று எரிந்தால் முதலில் பேட்டரியில் வயர் மாட்டியிருக்கும் டெர்மினலை அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தாலோ கோளாறு அங்கேயே இருக்கலாம்.

பேட்டரி இறங்கியிருந்தால், இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்ய உதவும் ஜம்பர் கேபிளில் வரிசைதான் முக்கியம். சிவப்பு: இறங்கிய பேட்டரியின் பிளஸ், பிறகு நல்லதின் பிளஸ். கறுப்பு: நல்லதின் மைனஸ், மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டி இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி அதன் பக்கத்தில் விழக்கூடாது. நல்ல வண்டி 5 நிமிடம் ஓடியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசையில்.

இறக்கம்தானே என்று, ஸ்டார்ட் செய்ய வண்டியை மலைப்பாதையில் உருட்டிவிடாதீர்கள். இன்ஜின் ஓடாமல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் கனக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது உதவவும் உதவாது.

கிளம்புவதற்கு முந்தைய நாளே பேட்டரியில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது 13 வோல்ட்கூட வராவிட்டால், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் பார்க்க வேண்டும்; புது பேட்டரி வாங்குவது வீண் செலவு. பூத்த டெர்மினலுக்கு, மைனஸை முதலில் கழற்றிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த வெந்நீர், பழைய டூத் பிரஷ். காய்ந்ததும் மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின்.