கிராமத்துப் பப்பில் ஏலும் சாப்பாடும்: இங்கிலாந்தில் முதல் முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

லண்டனில் ஃபோன் ஆப்பில் ஆர்டர் போட்டு மேஜைக்கே வரவழைத்துப் பழகியவர்கள்கூட கிராமத்துப் பப்பில் போய் விழிப்பதுண்டு. அங்கே ஏல் என்ற இங்கிலீஷ் பியர் வகையும் சாப்பாடும் வாங்க எழுதி ஒட்டாத விதிகள் சில உண்டு. கஷ்டமானவை அல்ல, ஆனால் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

1. கிளம்பும் முன்

பப் திறந்திருக்கும் நேரம் வேறு, அடுப்படி நடக்கும் நேரம் வேறு. மேப்பில் 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை நம்பி மதியம் மூன்றரைக்குப் பசியோடு போனால் சிப்ஸ் பாக்கெட்டும் உப்புக் கடலையும்தான். பெரும்பாலும் மதியச் சாப்பாடு 12 முதல் 2 அல்லது 2:30 வரை, இரவுச் சாப்பாடு 6 முதல் 8:30 அல்லது 9 வரை. ஞாயிறு மதியம் ரோஸ்ட் (சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, கிரேவி கொண்ட தட்டு) போட்டால் அன்று மாலை அடுப்படிக்கு லீவு விடும் இடங்கள் நிறைய. திங்கட்கிழமை பப்பையே மூடுகிறவர்களும் உண்டு. பப்பின் சொந்த வெப்சைட்டைப் பாருங்கள். அதைவிட நல்லது ஒரு ஃபோன். ஞாயிறு ரோஸ்ட் என்றால் முன்பதிவு கட்டாயம்.

சில நல்ல பப்புகளில் முழுச் சாப்பாடே கிடையாது. பெர்க்‌ஷயரில் ஆல்ட்வொர்த் என்ற சிற்றூரில் இருக்கும் பெல் இன் 250 வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. நல்ல ஏலுக்காக 1971-ல் தொடங்கிய காம்ரா அமைப்பு 1990-லும் 2019-லும் நாட்டின் சிறந்த பப்பாக அதைத் தேர்ந்தெடுத்தது. அங்கே பேர் போனது சூடான ரோலுக்குள் வைத்துத் தரும் சீஸ், ஹாம் வகைகள்தான். டார்செட்டின் வொர்த் மாட்ராவர்ஸில் உள்ள ஸ்கொயர் அண்ட் காம்பஸில் ஒரு சின்னத் திறப்பு வழியாக ஏலும் பேஸ்ட்டியும் (உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட மாவுப் பண்டம்) நீட்டுவார்கள். இந்த மாதிரி இடத்துக்குப் போய் மெனு கார்டு கேட்காதீர்கள்.

வண்டி ஓட்டுகிறவர் குடிக்க வேண்டாம். இங்கிலாந்தில் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். எத்தனை கிளாஸில் அது தாண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், கணக்குப் போட்டுப் பார்க்கும் விஷயமே இல்லை. கிராமத்து பஸ் சாயங்காலத்தோடு நின்றுவிடும்; டாக்ஸி வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லி வையுங்கள். ரயிலில் இறங்கி நடந்து போகிற மாதிரி பப்பைத் தேர்ந்தெடுப்பதே என் சிபாரிசு. ஆல்ட்வொர்த்துக்கு லண்டன் பேடிங்டனிலிருந்து கோரிங் அண்ட் ஸ்ட்ரீட்லி ஸ்டேஷன் வந்து மூன்று மைல் போல நடக்க வேண்டும், ஏற்றம் உண்டு. திரும்பும்போது தெருவிளக்கு இருக்காது, டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. உள்ளே நுழைந்ததும்

பழைய பப்புகளில் இரண்டு அறை இருக்கும். கல்லோ பலகையோ பாவிய தரை உள்ளது பப்ளிக் பார். கார்பெட் போட்டது லவுஞ்ச். ஷூவில் சேறு இருந்தால் முதல் அறைதான். 'ரிசர்வ்ட்' சீட்டு இல்லாத மேஜையைப் பிடித்து, அதில் மேஜை எண் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் ஓரத்தில் பித்தளை வில்லையாகவோ மரத்தில் எழுதியோ இருக்கும். சாப்பாடு சொல்லும்போது முதல் கேள்வியே அதுதான்.

3. பாருக்குப் போவது

முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். மேஜையில் உட்கார்ந்தால் யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். அரை மணி நேரம் காத்திருந்தாலும் அவமதிப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் யாருக்காகவோ காத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். எழுந்து பாருக்கு, அதாவது ஏல் ஊற்றித் தரும் கவுன்டருக்கு, போக வேண்டும்.

போனால் அடுத்த குழப்பம். எதற்கெடுத்தாலும் வரிசை கட்டும் இந்த ஊரில் பாருக்கு முன்னால் மட்டும் வரிசை தெரியாது. ஆட்கள் பக்கவாட்டில் பரவி நிற்பார்கள். ஆனால் யாருக்கு முன் யார் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், பாருக்குள் நிற்பவருக்கும் தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது:

- வந்ததும் ஏற்கெனவே யார் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விடுங்கள். அவர்கள் எல்லோரும் உங்களுக்கு முன்.
- இடைவெளி இருக்கும் இடத்தில் பாரை ஒட்டி நில்லுங்கள், கார்டு கையில் தெரியட்டும். பார்வை சந்தித்தால் லேசாகத் தலையசைத்தால் போதும்.
- கூப்பிடுவது, சொடக்குப் போடுவது, பாரைத் தட்டுவது, நோட்டை ஆட்டுவது எதுவும் கூடாது. ஆட்டினால் கடைசியாகத்தான் வருவார்கள்.
- முறை மாறி உங்களைக் கேட்டால், முன்னால் வந்தவரைக் கை காட்டுங்கள். இந்த ஒரு செயலுக்கு உள்ளூர்க்காரர்களிடம் கிடைக்கும் மரியாதை தனி.

கூட்டமாகப் போய் பாரை மறிக்காதீர்கள், ஒருவரோ இருவரோ போதும். எல்லோருக்கும் வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லுங்கள். அதில் கின்னஸ் என்ற கறுப்பு பியர் இருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். பாதி ஊற்றி நுரை அடங்கக் காத்திருந்து மீதியை ஊற்றுவார்கள், அதற்குள் மற்றவை தயாராகிவிடும். கடைசியில் சொன்னால் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவது கேட்கும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு சில பப்புகளில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் பழக்கம் தொற்றியிருக்கிறது. பழைய ஆட்களுக்கு எரிச்சல்தான், எனக்கும்தான். ஆனால் அப்படி வரிசை இருந்தால் அதன் வாலில் போய் நில்லுங்கள்.

4. ஏல் தேர்ந்தெடுப்பது

பாரின் மேல் நீளமான கைப்பிடியோடு நிற்பவை கைப்பம்புகள். உங்களுக்கு வேண்டிய காஸ்க் (பீப்பாய்) ஏல் அவற்றில்தான் வரும். குட்டையான குழாய்களில் வருவது குளிரூட்டி, வாயு அழுத்தத்தில் தள்ளும் கெக் பியர். காஸ்க் ஏல் வடிகட்டப்படுவதில்லை. ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் பீப்பாய்க்குள் இரண்டாம் முறை நொதிக்கும். நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். 'இங்கிலீஷ்காரன் சூடான பியர் குடிப்பான்' என்பது வெறும் கேலி. நிஜமாகவே வெதுவெதுப்பாக வந்தால் அது பப்பின் குறை.

பம்பின் முகப்பில் உள்ள அட்டையில் பெயரும் ப்ரூவரியும் (பியர் தயாரிக்கும் ஆலை) ஆல்கஹால் சதவீதமும் இருக்கும். அட்டை திருப்பி வைத்திருந்தால் அந்தப் பீப்பாய் காலி. முதல் முறைக்கு 4 சதவீதத்தை ஒட்டிய பிட்டர் (லேசாகக் கசக்கும் ஏல்) சரியாக இருக்கும். சஸ்ஸெக்ஸ் பக்கம் போனால் லூயிஸ் ஊரின் ஹார்வீஸ் பெஸ்ட் என்ற பிட்டரைத் தேடுங்கள். ஒரு பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட் 284. அரை பைன்ட் கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஒன்றிரண்டு வகையைச் சுவைத்துப் பார்க்கக் கேட்டால் சின்ன கிளாஸில் காசு வாங்காமல் தருவார்கள். கூட்டமான நேரத்தில் ஐந்து வகை கேட்டால் முறைப்பார்கள்.

நிறைய பம்பு இருக்கும் பப்தான் நல்ல பப் என்று நினைக்காதீர்கள். வழக்கமான பீப்பாய் ஒன்றில் 9 காலன், அதாவது 72 பைன்ட். திறந்தால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும், காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும். இருபது பேர் வரும் ஊர் பப்பில் எட்டுப் பம்பு இருந்தால் எத்தனை நாள் பழசு என்று நீங்களே யோசியுங்கள். மூன்று பம்பு, அதில் ஒன்றாவது பக்கத்து ஊர் ப்ரூவரி: அதுதான் என் கணக்கில் நல்ல பப்.

வினிகர் வாடை அடித்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டு மடக்கோடு நிறுத்தி பாருக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். பாதி குடித்துவிட்டுப் போனால் வழக்கு நிற்காது. கலங்கல் மட்டும் இருந்தால் உடனே குறை சொல்ல வேண்டாம், சில ஏல்கள் அப்படித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நுரை அதிகமாகி ஏல் குறைந்தால் 'டாப் அப்' கேட்கலாம். வடக்கே போனால் கெட்டியான நுரையும் தெற்கே மெல்லிய நுரையும் வழக்கம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: காஸ்க் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ் சேர்ப்பது பழைய முறை. வண்டலோடு அடியில் தங்கிவிடும் என்றாலும், கண்டிப்பாகச் சைவம் வேண்டுமென்றால் 'வீகன்' என்று போட்ட ஏலைக் கேளுங்கள்.

5. சாப்பாடு

சாப்பாட்டுக்கும் பாரில்தான் சொல்ல வேண்டும், மேஜை எண்ணோடு. தட்டு மட்டும் மேஜைக்கு வரும். கரும்பலகையில் எழுதியிருக்கும் அன்றைய ஸ்பெஷலை முதலில் பாருங்கள்.

பை (மாவுக்குள் இறைச்சியோ காய்கறியோ வைத்துச் சுட்டது) கேட்டால் சுற்றிலும் மாவுக் கூடு உள்ளதா, கிண்ணத்துக் குழம்பின் மேல் மூடி மட்டும் வைத்ததா என்று விசாரியுங்கள். இரண்டாவதை பை என்று விற்பது அநியாயம். ப்ளௌமேன்ஸ் என்பது சீஸ், ரொட்டி, ஊறவைத்த வெங்காயம், சட்னி கொண்ட குளிர்ந்த தட்டு. ஹாமும் வைப்பார்கள், வேண்டாம் என்றால் முன்பே சொல்லுங்கள். ரோஸ்ட்டோடு வரும் யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல, முட்டை, மாவு, பால் கரைசலைச் சூடான கொழுப்பில் ஊற்றி உப்ப வைத்தது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு மறைமுகச் சிக்கல் உண்டு. ரோஸ்ட் உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், சில இடங்களில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ்கூட மாட்டுக் கொழுப்பில் வறுபடும். கிரேவியும் அப்படியே. ஸ்காட்ச் எக் (இறைச்சி சுற்றிப் பொரித்த முட்டை), சாசேஜ் பெரும்பாலும் பன்றி. எந்த எண்ணெய் என்று கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. காரம் வேண்டுமென்றால் மிளகாய் தேடாதீர்கள், இங்கிலீஷ் மஸ்டர்ட் என்ற கடுகு விழுதைக் கேளுங்கள். மூக்கு வழியாக உச்சந்தலைக்குப் போகும், எனவே விரல்நுனி அளவு.

6. ரவுண்டும் டிப்ஸும்

நான்கு பேர் என்றால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குவது வழக்கம். ரவுண்டில் சேர்ந்தால் நீங்கள் ஆரஞ்சு ஜூஸ் குடித்தாலும் உங்கள் முறைக்கு எழ வேண்டும். ஒன்றோடு நிறுத்த நினைப்பவர் ஆரம்பத்திலேயே தனியாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். நடுவில் நழுவினால்தான் பேச்சு வரும். ஏலுக்கு டிப்ஸ் கிடையாது. மனது வந்தால் பணம் கொடுக்கும்போது 'அண்ட் ஒன் ஃபார் யுவர்செல்ஃப்' என்று சொல்லுங்கள், ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொள்வார்கள். போகும்போது காலி கிளாஸைப் பாரில் வைத்துவிட்டுப் போனால் நல்ல பெயர்.

மணி அடித்தால் கடைசி ஆர்டர். பல கிராமங்களில் இன்றும் 11 மணிக்குக் கடை மூடல். அதற்குப் பிறகு குடித்து முடிக்க இருபது நிமிடம் போல விடுவார்கள்.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் சந்தேகங்கள்

மது வாங்க 18 வயது ஆக வேண்டும். 25-க்குக் கீழ் தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டோ டிரைவிங் லைசென்ஸோ வைத்திருங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகலாம், ஆனால் இரவு எத்தனை மணி வரை என்பது பப்புக்குப் பப் மாறும். சிக்னல் இல்லாத ஊரில் கார்டு மெஷின் படுத்துவிடும், இருபது பவுண்டாவது நோட்டாக வேண்டும். நாய்க்குப் பயப்படுகிறவர்கள் முன்பே ஃபோனில் கேளுங்கள்: ஊர் பப்பில் மேஜைக்கடியில் ஒரு நாயாவது படுத்திருக்கும், பல இடங்களில் சாப்பிடும் அறைக்குள் மட்டும் அவற்றை விடுவதில்லை.